பூட்டுக்கு நல்ல நேரம் பாத்த ஜானி பாஷா

ஜானி பாஷாவுக்கு ஒரு வியாதி கீது. டாக்டர் கிட்ட காட்டற வியாதி இல்ல. எதைப் பாத்தாலும், இது எப்படி வேலை செய்யுது, பின்னாடி எவன் நின்னு செய்யறான்னு கேட்டே ஆவணும். கேக்கலைனா சோறு எறங்காது. கல்யாணத்துக்குப் போனா மாப்பிள்ளை மொகத்தைப் பாக்க மாட்டான், ஜெனரேட்டர்காரன் பக்கத்துல போயி குந்திக்குவான். கைசர் ஜஹானைப் பொண்ணு பாக்கப் போனப்பவே, பொண்ணை உட்டுட்டு, அவங்க ஊட்டு ஃபேனு ஏன் டக்கு டக்குனு சத்தம் போடுதுனு பொண்ணோட தம்பி ஷோயப் கிட்ட விசாரிச்சானாம். கைசர் ஜஹான் இன்னிக்கு வரைக்கும் அதை மறக்கல. ஃபேனு நின்னா கூட சொல்லிக் காட்டும்.

செங்கம் ரோட்டுல ஆசிரமத்தைத் தாண்டினா, ஜூஸ் கடைக்கும் சைக்கிள் வாடகைக் கடைக்கும் நடுவுல இருக்கறது தான் பாஷா கடை. மொதல்ல எஸ்டிடி பூத்தா இருந்துச்சு. அப்பறம் பிரவுசிங் சென்டர் ஆச்சு. வெள்ளைக்காரங்க வந்து ஊருக்கு மெயில் அடிப்பாங்க, பாஷா பின்னாடி நின்னுக்கினு, இது இன்னா சார், அது இன்னா மேடம்னு கேட்டு கேட்டே பாதி வேலையைக் கத்துக்கினான். ஊர்ல எல்லார் கைலயும் போனு வந்து சென்டர் காத்தாடினப்போ, நம்ம ஆளு வெப்சைட்டு போட்டுக் குடுக்கற கடையா மாத்திட்டான். ரூமு வாடகை, எண்ணெய் மில்லு, பிரியாணி, யாருக்கு வேணும்னாலும் போடுவான். படிச்சது எட்டாங்கிளாசு. அதைக் கேட்டா, ஒம்போதாங்கிளாசுல கேள்வி கேக்க உடலைனு சொல்லுவான்.

மொதல் சைட்டு ரேணுகாம்பாளுக்குப் போட்டது. பக்கத்துத் தெருவுல ரூமு உடறாங்க. மாடியில நின்னா மலை முழுசா தெரியும். அந்த ஒரு போட்டோ போட்டான், ரூமு காலியே ஆவல. அதுலருந்து பாஷான்னா அந்தம்மாவுக்கு ஒரு பிரியம். ஆனா அந்தம்மாவுக்கும் ஒரு வியாதி கீது. சோப்பு டப்பா மாத்தணும்னா கூட செவுத்துல மாட்டின தினசரி காலண்டரைப் பாக்காம மாத்த மாட்டாங்க.

இப்ப பூட்டு விஷயத்துக்கு வர்றேன்.

போன்ல ஒரு சைட்டைத் தொறந்தா, மேல பேருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு பூட்டு தெரியும். அதைத் தட்டினா உள்ள ஒரு சர்டிபிகேட்டு. இது ரேணுகாம்பாள் சைட்டே தான், எவனோ போட்ட டூப்ளிகேட்டு இல்ல, நீ டைப் பண்றதை நடுவுல எவனும் எட்டிப் பாக்க முடியாதுனு சொல்ற சர்டிபிகேட்டு. ஓசிலயே கிடைக்கும். ஆனா ஆயுசு மூணு மாசம் தான். தேதி முடிஞ்சு போச்சுனா சைட்டுக்குப் பதிலா செவப்பா ஒரு பக்கம் வந்து, இங்க போவாதே, உன் விவரத்தைத் திருடிக்குவாங்கனு மெரட்டும்.

இதை எப்படித் தர்றாங்கறது தான் பாஷாவுக்கு ரொம்பப் புடிச்ச கதை. டீ குடிக்க வர்றவன், தண்ணி கேன் போட வர்றவன், எல்லார் கிட்டயும் சொல்லுவான். "சர்டிபிகேட்டு தர்றவன் கடல் தாண்டி கீறான். இது உன் சைட்டு தானானு அவனுக்கு எப்படித் தெரியும் சொல்லு? ஒரு சீட்டு குடுப்பான். கன்னாபின்னானு எழுத்து இருக்கும். இதைக் கொண்டு போயி உன் வாசல்ல ஒட்டு, நான் வந்து பாக்கறேன்பான். அடுத்தவன் வாசல்ல நீ ஒட்ட முடியுமா? தொடப்பத்தால அடிப்பான் இல்ல? வந்து பாப்பான், சீட்டு இருந்துச்சுனா சரி, ஊடு உன்னுது தான்னு ஒத்துக்கினு சர்டிபிகேட்டு தந்துடுவான்."

"வர்றவன் எப்படி இருப்பான் பாய்?" ரேணுகாம்பாள் ஒரு தடவை கேட்டாங்க.

"ஆளு இல்லமா, அதுவும் மெஷினு தான்."

"மெஷினா இருந்தா என்ன, வாசலுக்கு வந்தா காபி தண்ணி கேக்கணும் இல்ல?"

மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாஷா இதையெல்லாம் கையால செஞ்சுக்கினு இருந்தான். போன வருஷம் மறந்துட்டான். ரூமு புக் பண்ண வந்த ஒரு வெளியூர் ஜோடி, ரேணுகாம்பாள் வாசல்லயே நின்னு போனைத் தொறந்து, செவப்பைப் பாத்துட்டு, அந்தம்மா மொகத்தையும் பாத்துட்டு, பெட்டியை உருட்டிக்கினு எதுத்த ஊட்டுக்குப் போயிட்டாங்க. ரேணுகாம்பாள் நேரா கடைக்கே வந்துட்டாங்க. "இத்தினி வருஷம் இந்தத் தெருவுல இருக்கறேன். என்னைத் திருடினு உன் பொட்டி சொல்லுது பாய்!"

பாஷாவுக்கு மொகம் செத்துப் போச்சு. அன்னிக்கு சாயங்காலம் டீக்கடையில மச்சான் ஷோயப் வேற உக்காந்திருந்தான். கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டாண்ட செருப்புக் கடை வெச்சிருக்கறவன். கடைக்கு நம்பகமா ஒரு ஆளு வேணும், மாமா வந்துட்டா தேவலைனு ரொம்ப நாளா அக்கா காதுல ஊதிக்கினே இருக்கான்.

"மாமா, செருப்புக்கு மூணு மாசத்துல தேதி முடியாது தெரியுமா?"னு நைசா ஒரு போடு போட்டான்.

பாஷாவுக்கு ரோசம் வந்துடுச்சு. எல்லார் எதுர்லயும் எழுந்து நின்னு, "இனிமே என் சைட்டுல செவப்பு வராது. வந்துச்சு, கடையை இழுத்து மூடிட்டு உன் கடையில குனிஞ்சு செருப்பு எடுத்துப் போடறேன்"னுட்டான். வாயிலருந்து வார்த்தை வந்தப்பறம் தான் யோசிச்சான். செருப்புக் கடையில கேக்கறதுக்கு இன்னா கீது? எட்டா ஒம்போதா, கறுப்பா பழுப்பா. அவ்ளோ தான் கேள்வி. பாஷா மாதிரி ஆளு அங்க ஒரு வாரம் குந்தினா மூளையில பாசி புடிச்சுடும்.

அதுக்கப்பறம் தான் ஏஜென்ட்டு வந்துச்சு. வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீசு வெளிய மரத்தடியில நிப்பாங்களே, அந்த ஏஜென்ட்டு இல்ல. இது கம்ப்யூட்டர்ல இருக்கற ஏஐ. தமிழ்ல சொன்னா போதும், அதுவே உள்ள போயி, எந்த சைட்டுக்கு தேதி முடியப் போவுதுனு பாத்து, சீட்டு வாங்கி, வாசல்ல ஒட்டி, வந்தவன் பாத்தானானு பாத்து, சர்டிபிகேட்டை வாங்கி மாட்டிடும். பாஷாவை அது "பாய்"னு தான் கூப்புடும். இவன் தான் அப்படிக் கூப்புடச் சொன்னான். மொதல் வாரம் முழுக்க, இதை ஏன் செஞ்சே, அதை ஏன் செஞ்சேனு அதையே கேட்டுக்கினு இருந்தான். அதுவும் சலிக்காம பதில் சொல்லுச்சு. கேள்விக்கு மொறைக்காத ஒரு ஜென்மத்தை வாழ்க்கையில அப்ப தான் பாக்கறான்.

அதோட நிறுத்தி இருக்கலாம். பாஷா கெட்டது இங்க தான்.

சைட்டு எல்லாம் ஒரே மெஷின்ல இருக்குது, எதுக்குத் தனித்தனியா சர்டிபிகேட்டுனு, ரேஷன் கார்டுல குடும்பத்துப் பேரை எழுதற மாதிரி எல்லா பேரையும் ஒரே சர்டிபிகேட்டுல போட்டுட்டான். போட்டுட்டு, மரியாதைக்கு ஒரு ரவுண்டு போனான். இனிமே மெஷினே பாத்துக்கும், மாத்தற நேரத்துல சைட்டு ஒரு கண் சிமிட்டு சிமிட்டும், உங்களுக்கு ஏதாச்சும் நேரம் காலம் பாக்கணுமானு ஒவ்வொருத்தர் கிட்டயும் கேட்டான். நம்ம ஊர்ல கேட்டா சும்மா இருப்பாங்களா? சக்கரை கம்மியா ஜாஸ்தியானு கேட்டா எதையாவது ஒண்ணு சொல்லித் தானே ஆவணும்?

பிரியாணி பர்சானா, "அண்ணே, காலையில ஆர்டர் வர்ற நேரம், சோறு தீர்ற வரைக்கும் தொடாதீங்க"ன்னுச்சு. கீழ்பென்னாத்தூர் கடலை எண்ணெய் மில்லு ஜீவகுமார் நயினாரு, "மூணு மணியிலருந்து பார்சல் வண்டி கெளம்பற நேரம் பாய், அப்ப வேணாம். பொழுது சாஞ்சப்பறம் நான் எதுவும் ஆரம்பிக்கறது இல்ல, அதுவும் வேணாம்"னாரு. சாப்பாடே பொழுது சாய்றதுக்குள்ள முடிக்கற சமணர் ஊடு, சர்டிபிகேட்டு மட்டும் ராத்திரில எடுக்குமா? ரேணுகாம்பாள் கிட்ட கேட்டது தான் தாமசம். வளர்பிறையா இருக்கணும். செவ்வாய் கூடாது. அஷ்டமி நவமி ஆவவே ஆவாது. காலண்டர்ல நல்ல நேரம்னு போட்டிருக்கற நேரத்துல மட்டும் தான் கை வெக்கணும்.

எல்லாத்தையும் ஒண்ணு உடாம ஏஜென்ட்டு கிட்ட சொன்னான். சரிங்க பாய்னு வாங்கிக்கிச்சு. நடுவுல போனு டிங் டிங்னு அடிச்சுக்கினே இருந்ததுல கைசர் ஜஹான் கத்துச்சு. "என்னாங்க, இந்த ஊட்ல நான் பேசறதை விட உங்க ஏஜென்ட்டு ஜாஸ்தி பேசுது!" பாஷாவும் ஏஜென்ட்டு கிட்ட, "வேலை முடிஞ்சா மட்டும் சொல்லு, இல்லைனா வாயைத் தொறக்காதே"ன்னுட்டான்.

பௌர்ணமி வந்துச்சு, மலை சுத்த வந்த ஜனத்துல ஊரு நசுங்குச்சு, ஜனம் பஸ் ஏறி போச்சு. கூட்டம் வடிஞ்ச அடுத்த வாரம், வியாழக்கிழமை காலையில, கடைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டிக்கு பூட்டுக் கதை சொல்லிக்கினு இருந்தான் பாஷா. காட்டறதுக்காக ரேணுகாம்பாள் சைட்டைத் தொறந்து பூட்டைத் தட்டினான். பால் பாக்கெட்டுல தேதி பாக்கற மாதிரி தேதியைப் பாத்தான்.

நாளைக்கு காலையில முடியுது.

பாட்டியை அப்படியே நிக்க உட்டுட்டு உள்ள ஓடினான். "ஏய் ஏஜென்ட்டு! இன்னா பண்ணிக்கினு இருந்தே இத்தினி நாளா?"

"நேரம் தேடிக்கினு இருந்தேன் பாய்"னு வந்துச்சு பதில். "காலையில நல்ல நேரம் வர்றப்போ பர்சானா கடையில ஆர்டர். சாயங்காலம் நல்ல நேரம் வர்றப்போ பார்சல் வண்டி. பொழுது சாஞ்சா நயினாரு வேணாம்னு இருக்காரு. இப்ப தேய்பிறை ஆரம்பிச்சுடுச்சு. எல்லாத்தையும் கழிச்சா மிச்சம் எதுவும் இல்ல."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"வேலை முடிஞ்சா மட்டும் சொல்லுனு சொன்னீங்க. வேலை முடியல. இருந்தாலும் சொல்லி இருக்கணும் பாய், தப்பு தான்."

மெஷினு தப்பு தான்னு ஒத்துக்கினதுல பாஷாவுக்குத் திட்டறதுக்கும் வழி இல்லாம போச்சு. கைசர் ஜஹான் கேரியர்ல நாஸ்தா கொண்டாந்து வெச்சுட்டு எல்லாத்தையும் கேட்டுக்கினு நின்னுச்சு.

"இப்பவே எடுக்கச் சொல்லுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"வாக்கு குடுத்திருக்கேன்மே."

"ஷோயப்புக்கும் தான் வாக்கு குடுத்திருக்கீங்க. நேத்து கூட போன்ல கேட்டான், மாமாவுக்கு ஸ்டூலு போதுமா, குஷன் வெச்ச சேரு வாங்கட்டுமானு."

அந்த குஷன் சேரு கண்ணு முன்னாடி வந்ததும் பாஷா போனை எடுத்தான். மொதல்ல பர்சானா. "அண்ணே, வியாழக்கிழமையில யாருண்ணே பிரியாணி கேக்கறா? எப்ப வேணா மாத்துங்க"ன்னுட்டு வெச்சுடுச்சு. நயினாரு இன்னும் சுலபம். "பொழுது சாயறதுக்கு எவ்ளோ நேரம் கீது பாய்! இதுக்கா போன் பண்றீங்க?" கடைசியில நிக்கறது ரேணுகாம்பாள் ஒருத்தங்க தான்.

ஏஜென்ட்டு ஒரு யோசனை சொல்லுச்சு. "அந்தம்மா பேரை மட்டும் எடுத்துட்டு மத்தவங்களுக்கு இப்ப வாங்கிடலாம் பாய். அவங்க சைட்டு மட்டும் நாளைக்கு செவப்பாவும். வளர்பிறை வந்ததும் சேத்துக்கலாம். இல்ல, நேரம் பாக்காம எல்லாருக்கும் எடுக்கறதுனா நீங்க சொல்லணும். அவங்க கண்டிஷனை நானா மீற மாட்டேன்."

பாஷா அந்தம்மா சைட்டைத் தொறந்தான். மொதல் சைட்டு. திருடினு சொல்லுது பாய்னு கேட்ட மொகம். அதுல திரும்பியும் செவப்பா? அது மட்டும் இல்ல, ஒண்ணு செவந்தாலும் செவப்பு செவப்பு தான், ஷோயப்பு உடுவானா? நாஸ்தாவைத் தொடாம செருப்பை மாட்டிக்கினு கெளம்பினான்.

ரேணுகாம்பாள் மாடிப்படியாண்ட துணி மடிச்சுக்கினு இருந்தாங்க. "வாங்க பாய், காபி போடட்டுமா?"

"காபி எறங்காதும்மா." முழுக் கதையையும் கொட்டினான்.

அந்தம்மா எழுந்து போயி காலண்டரைப் பாத்தாங்க. உதட்டைப் பிதுக்கினாங்க. "இன்னிக்கு அஷ்டமி. அதுவும் தேய்பிறை. இன்னிக்கு நான் முருங்கைக்கீரை கூட ஆய மாட்டேன் பாய். ஒரு அஷ்டமி அன்னிக்கு வாசல் கேட்டு மாத்தினேன், காபி குடிச்சுட்டு வெளிய வந்து பாக்கறேன், தண்ணி லாரி இடிச்சு கேட்டு மல்லாக்கப் படுத்துக் கெடக்குது."

"நாளைக்குக் காலையில செவப்பு வந்துடும்மா."

"நாளைக்கு நவமி."

"தெரியும்மா."

"எங்கிட்ட சொல்லாமலே எடுத்திருந்தா கூட எனக்குத் தெரிஞ்சிருக்காது"ன்னாங்க அந்தம்மா.

"கைசரும் அதான் சொல்லுச்சு."

"அப்பறம் ஏன் வந்தீங்க?"

"நீங்க சொன்னதை நான் அதுக்கிட்ட சொல்லிட்டேன். அதுவே மீற மாட்டேன்னு நிக்குது. மெஷினுக்கு இருக்கற மரியாதை எனக்கு இருக்க வேணாமா?"

ரேணுகாம்பாள் துணியைக் கீழ வெச்சாங்க. மேல ரூமுல எவரோ ஓம்னு இழுத்துக்கினு இருந்தாரு. அப்ப தான் அந்தம்மாவுக்குப் பொறி தட்டுச்சு.

"பாய், நீங்க ஒரு கதை சொல்லுவீங்களே, வாசல்ல சீட்டு ஒட்டினா வந்து பாத்துட்டுப் போவான்னு. அந்தச் சீட்டும் இன்னிக்கு தான் ஒட்டணுமா?"

பாஷாவுக்கே தெரியல. போனை எடுத்து சத்தமா கேட்டான். ஏஜென்ட்டு குரல் கூடத்துல கேட்டுச்சு.

"சீட்டு முன்னாடியே ஒட்டியாச்சு பாய். சீட்டு ஒட்டறதுல யாரோட சைட்டும் நிக்காது, அதனால பர்சானா நேரமோ நயினாரு நேரமோ பாக்க வேண்டியது இல்ல. அம்மா சொன்ன நேரம் மட்டும் பாத்தேன். பௌர்ணமிக்கு பத்து நாள் முன்னாடி ஞாயித்துக்கிழமை காலையில, வளர்பிறை பஞ்சமி, நல்ல நேரத்துல ஒட்டினது. சர்டிபிகேட்டை வாங்கி மாட்டறது தான் பாக்கி."

"வந்து பாத்தானா?"னு ரேணுகாம்பாள் போன் கிட்ட குனிஞ்சு கேட்டாங்க. "சும்மா ஒட்டிட்டா ஆவாது."

"பாத்துட்டாங்கம்மா. சரினு ஒத்துக்கினாங்க. அந்த ஒப்புதல் இன்னும் செல்லும், மறுபடியும் பாக்க வேண்டியது இல்ல."

ரேணுகாம்பாள் கை ரெண்டையும் தட்டினாங்க. "அட பாய்! அப்போ பரஸ்தானம் வெச்சாச்சு!"

"அது இன்னாமா?" பாஷாவுக்கு வந்த பேஜாரெல்லாம் மறந்து போச்சு. புதுசா ஒண்ணு கெடைச்சுடுச்சு இல்ல.

"ஊருக்குப் போற நாளு நல்லா இல்லைனு வெச்சுக்கோங்க. அதுக்கு முன்னாடியே ஒரு நல்ல நாள்ல, நல்ல நேரத்துல, நம்ம பையை எடுத்துக்கினு போயி பக்கத்து ஊட்ல வெச்சுடறது. அப்பவே பயணம் கெளம்பினதா அர்த்தம். அப்பறம் அஷ்டமியாவது நவமியாவது, பையைத் தூக்கிக்கினு பஸ் ஏற வேண்டியது தான். எங்கம்மா காசிக்குப் போனப்போ அவங்க பை பக்கத்து ஊட்டு அரிசி மூட்டை மேல ஒரு வாரம் குந்தியிருந்துச்சு."

"சாமி ஒத்துக்குமா? ஏமாத்தற மாதிரி கீதே?"

"ஏமாத்தறது இல்ல பாய். ரூலே அப்படித் தான். உங்க ஏஜென்ட்டு பஞ்சமியில பையைக் கொண்டு போயி வெச்சிருக்குது. எனக்கு சந்தோஷம். இப்ப எடுக்கச் சொல்லுங்க."

"நல்ல நேரம் இல்லையேம்மா..."

"பையே கெளம்பிடுச்சு, இப்ப போயி நல்ல நேரம் பாக்கறீங்க! எடுக்கச் சொல்லுங்க பாய்."

பாஷா சொன்னான். காபி டிகாஷன் எறங்கற நேரம் கூட ஆவல. "வேலை முடிஞ்சுது பாய்"ன்னுச்சு. பூட்டைத் தட்டினான். தேதி மூணு மாசம் தள்ளி நின்னுச்சு. அந்தம்மா போனை வாங்கி, கண்ணாடியை மேல தூக்கி விட்டுக்கினு, அந்தப் பூட்டை ரொம்ப நேரம் பாத்தாங்க. பாஷா கைசர் ஜஹானுக்குப் போன் போட்டு, "உன் தம்பி கிட்ட சொல்லு, குஷன் சேரு வேணாம்"னான். அந்தப் பக்கம் ஒரு உம் கேட்டுச்சு. சந்தோஷ உம்மா, வருத்த உம்மானு இது வரைக்கும் யாருக்கும் புடிபடல.

ரூலையும் அப்பவே மாத்திட்டான். இனிமே ஆளுக்கொரு தனி சர்டிபிகேட்டு, அவங்கவங்க நேரம் அவங்கவங்களுக்கு. ரேணுகாம்பாளுக்கு மட்டும் வளர்பிறையில சீட்டு ஒட்டி பரஸ்தானம் வெச்சுடறது, மிச்சத்தை எப்ப வேணா முடிச்சுக்கறது. வேலை முடியலைனா மொதல்ல அதைச் சொல்றது. எல்லாத்தையும் ஏஜென்ட்டு வாங்கிக்கிச்சு.

இப்ப காபி எறங்குச்சு. பாதி டம்ளர்ல பாஷாவுக்கு ஒண்ணு தோணுச்சு. "ஆமா ஏஜென்ட்டு, வந்து சீட்டைப் பாக்கறானே, எந்த ஊர்லருந்து பாக்கறான்?"

"ஒரே ஊரு இல்ல பாய். உலகத்துல வேற வேற இடத்துலருந்து ஒரே சமயத்துல பாப்பாங்க. ஒரு இடத்துல எவனாவது ஏமாத்தினாலும் மத்த இடத்துல தெரிஞ்சுடும் இல்ல?"

பாஷாவோட கண்ணு விரிஞ்சுது. ரேணுகாம்பாள் கண்ணு அதை விட விரிஞ்சுது. ராகு காலம் ஊருக்கு ஊரு மாறும்னு அந்தம்மாவுக்குத் தெரியும். சூரியன் எழுந்திருக்கறதைப் பொறுத்தது அது. நம்ம ஊர்ல நல்ல நேரமா இருந்தப்போ, பாத்தவன் ஊர்ல இன்னா நேரமோ?

பாஷா வாயைத் தொறந்தான். "ஏஜென்ட்டு, அந்த ஊர்ல எல்லாம் அப்போ..."

ரேணுகாம்பாள் பாஞ்சு போனைப் புடுங்கி துணி மூட்டைக்கு அடியில வெச்சு மூடிட்டாங்க. "பாய், கேக்காதீங்க! கேட்டா அதுவும் ரூலாயிடும்."

பாஷா கேக்கல. பொறந்ததுலருந்து வாய் வரைக்கும் வந்த கேள்வியை முழுங்கினது அது ஒண்ணு தான். கடைக்குத் திரும்பி வந்து கேரியரைத் தொறந்தான். கைசர் ஜஹான் போட்ட சேமியா, நல்லா தான் இருந்துச்சு. ஆனா எறங்கல.